யாருக்கு எந்த வகுப்பு முறை சரிப்படும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "எங்கள் அலுவலகத்தில் எக்செல்லும் அடிப்படைத் தரவு அலசலும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்கிறோம். வருபவர்களில் பாதிப் பேர் இப்போதுதான் தொடங்குகிறவர்கள், மீதிப் பேருக்கு ஓரளவு தெரியும். சொல்லிக்கொடுக்க மூன்று பேர் முன்வந்திருக்கிறார்கள். ஒருவர் மிக நன்றாகப் பேசுவார். இன்னொருவர் ஆழமாகத் தெரிந்தவர், ஆனால் கூச்ச சுபாவம். மூன்றாமவர் போன வருடம்தான் கற்றுக்கொண்டவர். விரிவுரை, பயிற்சிப் பட்டறை, வீடியோ, தனிப்பயிற்சி என்பவற்றில் எதை வைப்பது? 'பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா' என்று ஒரு படிவம் கொடுத்து ஆட்களைப் பிரிக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் படிவம் வேண்டாம். இந்த நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியிருப்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 2008-இல் ஹெரால்ட் பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியோர்க் ஆகிய நான்கு உளவியலாளர்கள் இதைப் பற்றிய ஆய்வுகளை எடுத்துவைத்து அலசினார்கள். இந்த நம்பிக்கை உண்மையென்றால் அதை நிரூபிக்க ஒரே வழிதான் உண்டு. கற்பவர்களை வகை பிரித்து, ஒவ்வொரு வகையிலும் சிலருக்கு அவர்கள் வகைக்குப் பொருந்தும்படியும் சிலருக்குப் பொருந்தாதபடியும் நடத்தி, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். பொருத்தமாக நடத்தப்பட்டவர்கள் முந்தியிருக்க வேண்டும். அப்படி முறையாகச் செய்யப்பட்ட ஆய்வுகளே மிகக் குறைவு. அவற்றிலும் பல இந்த நம்பிக்கைக்கு எதிராகத்தான் இருந்தன. ஆட்களுக்கு விருப்பம் என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிடித்த விதத்தில் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாக மண்டையில் ஏறும் என்பதற்குத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை.

படமா, பேச்சா, செய்முறையா என்பதைப் பெரும்பாலும் பாடமே முடிவு செய்துவிடும். வரைபடத்தைப் படிக்க எல்லோருக்கும் வரைபடம் வேண்டும். உச்சரிப்பைக் கற்க எல்லோருக்கும் காது வேண்டும். ஃபார்முலா எழுதக் கற்க எல்லோருக்கும் விசைப்பலகையில் கை பட வேண்டும். பார்வைக் குறைபாடு, கேட்கும் திறன் குறைபாடு, வாசிப்பில் சிரமம் ஆகியவை வேறு விஷயம். அவை விருப்பம் சார்ந்தவை அல்ல, தேவை சார்ந்தவை. முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, பெரிய எழுத்து, வசன வரிகள், அச்சிட்ட குறிப்பு என்று வேண்டியதைக் கட்டாயம் செய்துகொடுங்கள்.

சரி, அப்படியானால் கற்பவர்களுக்கு இடையே உண்மையான வேறுபாடு எது? அவர்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதுதான். கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் அவருடன் வேலை செய்தவர்களும் பல ஆண்டுகளாகக் காட்டிவந்த விஷயம் இது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒவ்வொரு படியும் செய்து காட்டப்பட்ட மாதிரிகள் பெரிய உதவி. அதே மாதிரிகளை விஷயம் தெரிந்தவருக்குக் கொடுத்தால் உதவி குறைகிறது, சில நேரம் தடையாகவே ஆகிவிடுகிறது. 2003-இல் ஸ்லாவா கல்யுகா முதலானோர் இதைத் தொகுத்து எழுதினார்கள். காரணம் எளிது. நம் மனத்தில் ஒரே நேரத்தில் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடியது கொஞ்சம்தான். தொடக்கநிலையில் இருப்பவருக்கு அடைப்புக்குறி, காற்புள்ளி, செல்லின் பெயர், ஷீட்டின் பெயர் எல்லாம் தனித்தனிச் சுமை. பழகியவருக்கு அந்த ஃபார்முலா மொத்தமும் ஒரே பொருள். அவரிடம் போய் ஒவ்வொரு காற்புள்ளியாக விளக்கினால், தனக்குத் தெரிந்ததோடு நீங்கள் சொல்வதை ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே அவர் கவனம் போய்விடும்.

ஆகவே படிவத்துக்குப் பதில் ஒரு சின்ன வேலை கொடுங்கள். இரண்டு ஷீட். ஒன்றில் பொருள்களின் பட்டியலும் விலையும், இன்னொன்றில் விற்பனை விவரம். விலையை இரண்டாவது ஷீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். ஒருவர் ஒவ்வொரு விலையாகப் பார்த்துக் கையால் தட்டுவார். ஒருவர் வீலுக்கப் (VLOOKUP, பட்டியலில் தேடி எடுத்துத் தரும் எக்செல் ஃபார்முலா) எழுதுவார், ஆனால் கீழே இழுத்ததும் பாதி வரிசைகளில் பிழை வரும். ஒருவர் அதன் புதிய வடிவமான எக்ஸ்லுக்கப் (XLOOKUP) எழுதி இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு உங்களைப் பார்ப்பார். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். "உங்களுக்கு எக்செல் எவ்வளவு தெரியும், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்" என்று கேட்டால் இது தெரியாது. முதல் ஆளும் இரண்டாம் ஆளும் மூன்று என்றுதான் போடுவார்கள்.

இப்போது வகுப்பு முறைக்கு வருவோம். எந்த முறையையும் எடைபோட நான் முதலில் கேட்பது இதுதான்: ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டால், அது எவ்வளவு நேரத்தில் யார் கண்ணில் படும்? முறைகளுக்கு இடையே உள்ள மற்ற வேறுபாடுகள் எல்லாம் எனக்கு இதற்கு அடுத்தபடிதான்.

அந்த வீலுக்கப்பையே கிட்டே போய்ப் பார்ப்போம். அதில் நான்கு விவரம் கொடுக்க வேண்டும்: எதைத் தேடுவது, எந்தப் பட்டியலில், எத்தனையாவது நெடுவரிசையிலிருந்து எடுப்பது, சரியாகப் பொருந்துவது மட்டும் போதுமா அல்லது தோராயமாகப் பொருந்தினாலும் பரவாயில்லையா. நான்காவதை எழுதாமல் விட்டால் எக்செல் எந்தக் குறையும் சொல்லாது. தோராயம் போதும் என்று தானே எடுத்துக்கொள்ளும். அது சரியாக வேலை செய்ய, பட்டியலின் முதல் நெடுவரிசை ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒரு பொருளின் விலையைக் கொண்டுவந்து வைத்துவிடலாம். கற்பவரின் திரையில் ஓர் எண் தெரிகிறது, சிவப்பு இல்லை, எச்சரிக்கை இல்லை. அவருக்குத் திருப்தி. இன்னொரு தவறும் வழக்கமாக வரும். பட்டியலின் எல்லையைக் குறிக்கும்போது, அதை நகராமல் நிறுத்தும் டாலர் குறி போடாமல் விட்டுவிட்டு ஃபார்முலாவைக் கீழே இழுப்பார்கள். எட்டு வரிசை கீழே போனால் எல்லையும் எட்டு வரிசை கீழே போகும், பட்டியலின் மேலே இருந்த எட்டுப் பொருள்கள் வெளியே நின்றுவிடும். 'கிடைக்கவில்லை' என்று பிழை வந்ததும் பட்டியலிலேயே அந்தப் பொருள் இல்லை போலிருக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

விரிவுரையில் இந்த இரண்டு தவறும் எப்போது வெளிவரும்? அவர் வேலைக்குத் திரும்பி, ஓர் அறிக்கை தப்பாகப் போன பிறகு. வீடியோவில்? அநேகமாக வராமலே போகலாம். எல்லோரும் சேர்ந்து தட்டும் பட்டறையில், அறைக்குள் நடந்துகொண்டிருக்கும் ஒரு துணைப் பயிற்றுநர் சில நிமிடங்களில் பிடித்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அந்தக் கணமே. இதனால்தான் தொடக்கநிலையினருக்குப் பட்டறையைத் தவிர வேறெதையும் முதன்மையாக வைக்க வேண்டாம் என்கிறேன். அவர்களிடம் தவறுகள் நிறைய வரும், அவை தவறுகள் என்று அவர்களுக்கே தெரியாது.

பட்டறை என்றதும் நாள் முழுக்க ஸ்லைடு ஓட்டிவிட்டுக் கடைசி அரை மணியில் 'இப்போது செய்து பாருங்கள்' என்று விடுவதை நினைக்க வேண்டாம். பயிற்றுநர் பெரிய திரையில் தட்ட, ஒவ்வொருவரும் தம் கணினியில் கூடவே தட்ட வேண்டும். அறிவியலாளர்களுக்கு நிரலாக்கம் கற்றுத்தர 1998-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி என்ற பயிற்சித் திட்டம் இதை நன்றாகப் பண்படுத்தியிருக்கிறது. ஸ்லைடு ஓடும் வேகத்தில் தட்ட முடியாது என்பதால் பயிற்றுநரின் வேகம் தானாகவே மட்டுப்படும். அவரும் நடுவில் தப்பாகத் தட்டுவார். பிழை வந்ததும் அதை எப்படிப் படிக்கிறார், எங்கே தேடுகிறார், எப்படிச் சரிசெய்கிறார் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி வகுப்புகளில் இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள்களும் கொடுப்பார்கள். முடித்துவிட்டேன் என்றால் ஒரு நிறம், சிக்கிக்கொண்டேன் என்றால் இன்னொன்று, கணினியின் மேல் ஒட்டிவைக்க வேண்டும். கை தூக்கக் கூச்சப்படுகிறவர் தாளை ஒட்டத் தயங்கமாட்டார். கையும் வேலையை விட வேண்டியதில்லை. துணைப் பயிற்றுநர் எட்டு, பத்துப் பேருக்கு ஒருவர் என்று இருந்தால் சமாளிக்கலாம் என்பது என் கணக்கு.

விரிவுரையை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014-இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்களைச் செயலில் ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8 சதவீதம். ஆனால் ஈடுபடுத்திய அந்த வகுப்புகள் பலவற்றிலும் விரிவுரை ஒரு பகுதியாக இருந்தது. எப்போது பேசுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டேனியல் ஷ்வார்ட்ஸும் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் 1998-இல் காட்டியது எனக்கு மிகவும் பிடித்தது. மாணவர்களிடம் முதலில் ஆய்வுத் தரவைக் கொடுத்து, வேறுபாடுகளைத் தாங்களே அலசிப் பார்க்க வைத்தார்கள். அதற்குப் பிறகு கேட்ட விரிவுரை நன்றாக உள்ளே போனது. வெறுமே பாடத்தை வாசித்துச் சுருக்கி எழுதிவிட்டு அதே விரிவுரையைக் கேட்டவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. உங்களிடம் உள்ள ஓரளவு தெரிந்தவர்களுக்கு இதைத்தான் செய்யச் சொல்வேன். அரை மணி நேரம் ஒரு குழப்பமான தரவோடு மல்லுக்கட்ட விடுங்கள். பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கட்டும், தேதிகள் சில இடத்தில் எழுத்தாகக் கிடக்கட்டும். அவர்கள் களைத்துப்போய் 'இதற்கு வழியே இல்லையா' என்று கேட்கும்போது, நன்றாகப் பேசுகிறவர் எழுந்து இருபது நிமிடம் பேசட்டும். அந்த இருபது நிமிடம் வீண்போகாது.

அந்த நன்றாகப் பேசுகிறவர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஹார்வர்டில் லூயி டெலோரியே முதலானோர் இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பாடத்தைத் தேர்ந்த விரிவுரையாகக் கேட்டவர்களும் தாங்களே கணக்குப் போட்டுப் படித்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். தேர்வில் அதிகம் எடுத்தவர்கள் கணக்குப் போட்டவர்கள். 'நான் நிறையக் கற்றேன்' என்று அதிகம் சொன்னவர்களோ விரிவுரை கேட்டவர்கள். தடங்கலில்லாத பேச்சு கேட்பவருக்கும் தெளிவு வந்துவிட்டது போன்ற உணர்வைக் கொடுத்துவிடுகிறது. வகுப்பு முடிந்ததும் 'எப்படி இருந்தது' என்று கேட்டு வாங்கும் மதிப்பெண்ணை வைத்து முறையைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் ஒவ்வொரு முறையும் இவரைத்தான் மேடையேற்றுவீர்கள். அவருடைய திறமையை வீணாக்கவும் வேண்டாம். ஹார்வர்டின் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் வகுத்த முறை இவருக்கு நன்றாகப் பொருந்தும். பத்துப் பதினைந்து நிமிடம் பேசியதும் ஒரு கேள்வி, நான்கு விடைகள், எல்லோரும் வாக்களிக்க வேண்டும். சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடையை நியாயப்படுத்தச் சொல்லிவிட்டு மறுபடி வாக்கெடுக்க வேண்டும். விடைகளில் ஒன்று அந்த நான்காவது விவரத்தை விட்டுவிட்ட வீலுக்கப்பாக இருக்கட்டும். அதற்கு எத்தனை கை எழுகிறது என்று பேச்சாளரே நேரில் பார்ப்பார்.

கூச்ச சுபாவம் உள்ளவரைக் கட்டாயப்படுத்தி மேடையேற்ற வேண்டாம். உங்கள் மூவரில் அவர்தான் அரிய ஆள். தனிப்பயிற்சியின் பலன் நெடுங்காலமாகவே பேசப்படுவது. பெஞ்சமின் புளூம் 1984-இல், தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர் வழக்கமான வகுப்பில் படித்த 98 சதவீதம் பேரை முந்தினார் என்று எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் அதைவிடக் குறைவாகவே தெரிகிறது. குர்ட் வான்லேனின் 2011-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது பாதிக்கும் கீழே வருகிறது. அப்படியும் கணிசமான பலன்தான். எல்லோருக்கும் கொடுக்க நேரம் போதாது, அவ்வளவுதான். அதனால் பதினைந்து நிமிடத் துண்டுகளாகக் கொடுங்கள். யார் எதில் சிக்கிக்கொண்டாரோ அவர் தன் சொந்த ஷீட்டோடு வந்து உட்காரட்டும். பட்டறை நடக்கும்போது இவர் துணைப் பயிற்றுநராக நடக்கட்டும். பயிற்சிக் கணக்குகளை எழுதும் வேலையையும் இவரிடமே கொடுங்கள். எந்தத் தவறு சத்தமில்லாமல் கெடுக்கும் என்பது இவருக்குத்தான் தெரியும், அந்தத் தவறு நிச்சயம் வெளிவரும்படி தரவை அமைப்பதும் இவரால்தான் முடியும்.

தொடக்கநிலைப் பட்டறையை முன்னின்று நடத்த நான் மூன்றாமவரைத்தான் சொல்வேன், போன வருடம் கற்றவரை. பலர் இதைக் கேட்டதும் தயங்குவார்கள். நீண்ட காலம் பழகியவருக்குக் கை தானாக ஓடும். இடையில் எத்தனை படிகள் இருக்கின்றன என்பதே அவருக்கு மறந்திருக்கும், 'இதை அப்படியே இழுத்துவிடுங்கள்' என்று போகிற போக்கில் சொல்லிவிடுவார். எங்கே இழுப்பது, செல்லின் எந்த மூலையைப் பிடித்து இழுப்பது என்று தவித்த ஞாபகம் புதிதாகக் கற்றவரிடம் இன்னும் பசுமையாக இருக்கும். ஆழமான கேள்வி வந்தால் அவர் திணறுவார் என்பது உண்மை. அதற்குத்தான் கூச்ச சுபாவக்காரர் அதே அறையில் இருக்கிறார். 'அண்ணன் இதைச் சொல்லுவார்' என்று அவர் பக்கம் திருப்பிவிடலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்குக் கூச்சம் இருக்காது.

பயிற்றுநரால் தாக்குப்பிடிக்க முடியாத முறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயன்படாது. கலந்துரையாடல் வகுப்பு பார்க்கச் சுலபமாகத் தெரியும், நடத்துவது மிகக் கடினம். எதிர்பாராத திசையில் பேச்சு போகும், அதை அடக்கவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிய வேண்டும். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். மூன்று விநாடிக்கு மேல் காத்திருக்கப் பழகியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி மௌனம் முன்னால் நிற்பவருக்கு ரொம்ப நேரமாகத் தோன்றும். பழகினால் வந்துவிடும். ஆனால் புதுப் பயிற்றுநரிடம் முதல் வகுப்பிலேயே கலந்துரையாடலை ஒப்படைக்காதீர்கள். தயாராக எழுதிய பயிற்சிகள் கையில் இருந்தால், அவர் தடுமாறினாலும் வகுப்பு நடக்கும்.

வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபிலிப் குவோ முதலானோர் 2014-இல் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும் ஆட்கள் பார்த்த நேரம் பொதுவாக ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. பட்டறையில் செய்த ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடத் துண்டாக ஒரு பதிவு, தேடிக் கண்டுபிடிக்கும்படி ஒரு பெயர். மறந்தபோது பார்த்துக்கொள்ள அது நன்றாக உதவும்.

இணையவழியில் நடத்த நேர்ந்தாலும் அதே கேள்விதான்: தவறு யார் கண்ணில் படும்? நேரில் நடந்து பார்க்க வழியில்லை என்பதால் அதை வரவழைக்க வேண்டும். எழுதிய ஃபார்முலாவை எல்லோரும் அரட்டைப் பெட்டியில் ஒட்டிவைத்து, அனுப்பாமல் காத்திருக்கச் சொல்லுங்கள். நீங்கள் 'சரி' என்றதும் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். முதலில் அனுப்பியவரைப் பார்த்து மற்றவர்கள் காப்பி அடிக்க முடியாது. பத்து விநாடியில் நீங்கள் யாரிடம் நான்காவது விவரம் இல்லை என்று பார்த்துவிடலாம்.

இரண்டு நிலையினரையும் பிரிக்க வசதியில்லாவிட்டால், நடுவாந்திரமாக ஒரு வேகம் பிடித்துப் போகாதீர்கள். அது இரு தரப்புக்கும் ஆகாது. தரவு ஒன்றாக இருக்கட்டும், கேட்பது வேறாக இருக்கட்டும். தொடங்குகிறவர்களுக்குப் பாதி எழுதிய ஃபார்முலாவைக் கொடுத்து மீதியை நிரப்பச் சொல்லுங்கள். தெரிந்தவர்களுக்கு ஏற்கெனவே தப்பாகப் போன ஒரு ஷீட்டைக் கொடுத்து எங்கே, ஏன் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தெரிந்தவர்களை மற்றவர்களுக்கு உதவச் சொல்லும் பழக்கம் பலரிடம் உண்டு. கொஞ்ச நேரம் செய்யலாம், சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்கும் பாடம் உறுதிப்படும். ஆனால் அவர்களும் புதிதாக எதையோ கற்க வந்தவர்கள், அரை நாள் முழுக்க அவர்களைத் துணைக்கு வைத்துக்கொள்வது நியாயமில்லை.

அப்புறம் நேரப் பங்கீடு. ஆறு மணி நேரம் இருக்கிறதென்றால் ஒரே நாளில் முடிக்காமல், வாரம் ஒன்றாக இரண்டு இரண்டு மணி நேரமாக மூன்று வகுப்பு வையுங்கள். ஒவ்வொன்றின் முதல் பத்து நிமிடமும் போன வகுப்பில் செய்ததைக் குறிப்பைப் பார்க்காமல் செய்து பார்ப்பதற்கு. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம்தான். திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம்.

கடைசி வகுப்பின் முடிவில் கருத்துப் படிவம் கொடுக்கத்தான் போகிறீர்கள், கொடுங்கள். அறை, நேரம், பயிற்றுநரின் குரல் ஆகியவற்றைப் பற்றி அதில் தெரிந்துகொள்ளலாம். மூன்று வாரம் கழித்து, தொடக்கத்தில் கொடுத்த அதே மாதிரி இரண்டு ஷீட்டுகளை வேறு தரவோடு அனுப்பி, பத்து நிமிடத்தில் செய்து திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வந்த ஃபார்முலாக்களை மூன்று பயிற்றுநர்களும் ஒன்றாக உட்கார்ந்து திறந்து பார்க்கட்டும். அடுத்த சுற்றில் எதைப் பட்டறையில் வைப்பது, எதை வீடியோவுக்குத் தள்ளுவது என்று அப்போது முடிவு செய்யலாம்.